அப்பாவின் வைப்புத்தொகைக்கு நான் நாமினி என்றால் பணம் முழுவதும் எனக்கே சொந்தமா?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமான கேள்வி. அப்பா காலமாகிவிட்டார், வங்கியில் அவர் போட்டு வைத்திருந்த வைப்புத்தொகைக்கு நீங்கள் ஒருவர் மட்டுமே நாமினி, அண்ணனுக்கு அதில் பங்கு கொடுத்தாக வேண்டுமா என்பதுதான் அது. அப்பா உயில் எதுவும் எழுதவில்லை என்றும், உங்கள் குடும்பத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்றும் வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கொடுத்தாக வேண்டும். அண்ணனுக்கு மட்டுமல்லாமல், அம்மா இருந்தால் அம்மாவுக்கும், அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் அவருக்கும் சம பங்கு உண்டு.

அப்பாவைக் கடைசிவரை அருகிலிருந்து பார்த்துக்கொண்டவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றவரும், வங்கியில் படிவம் நிரப்பிக் கொடுத்தவரும் நீங்களாக இருந்ததால்தான் நாமினி என்ற இடத்தில் உங்கள் பெயர் ஏறியிருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அதனால் உங்கள் கேள்விக்குப் பின்னால் இருக்கும் மனவருத்தம் எனக்குப் புரிகிறது. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் அன்று.

முதலில் சட்டம். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45இசட்ஏ பிரிவு, வைப்பாளர் இறந்தபின் மற்ற அனைவரையும் விலக்கி நாமினிக்கே வைப்பாளரின் உரிமைகள் எல்லாம் உண்டு என்று சொல்கிறது. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் பலரும் பணம் நாமினிக்கே சொந்தம் என்று முடிவு கட்டுகிறார்கள். தாயின் கணக்குக்கு நாமினியாக இருந்த ஒரு மகன், மற்ற வாரிசுகளுக்கு எதிராக இதே வாதத்தை உச்ச நீதிமன்றம்வரை கொண்டு சென்றார். ராம் சந்தர் தல்வார் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் 2010-ஆம் ஆண்டு தீர்ப்பு வந்தது. வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமையை மட்டுமே அந்தப் பிரிவு தருகிறது, அது நாமினியை உரிமையாளர் ஆக்குவதில்லை, பணம் வாரிசுரிமைச் சட்டப்படியே சேர வேண்டியவர்களுக்குச் சேரும் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிப்பவர் கையில் பணம் இருக்கும். ஆனால் அது ஊர்ப் பணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருப்பதில்லை. நாமினியின் நிலையும் அதுதான்.

அப்படியானால் நாமினி எதற்கு என்று கேட்பீர்கள். வங்கிக்காகத்தான். வாரிசுகள் யார் யார், யாருக்கு எவ்வளவு என்ற விசாரணைக்குள் வங்கி இறங்காமல், ஒருவர் கையில் பணத்தைக் கொடுத்துத் தன் பொறுப்பை முடித்துக்கொள்ள இந்த ஏற்பாடு உதவுகிறது. அதற்கு அடுத்த 45இசட்பி பிரிவின்படி, வேறொருவர் உரிமை கோரி எழுதும் அறிவிப்பு வங்கியைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்ற உத்தரவு இருந்தால் மட்டுமே வங்கி கவனத்தில் கொள்ளும். ஆகவே உங்கள் அண்ணன் மேலாளருக்குக் கடிதம் எழுதினாலும் பணம் உங்கள் கைக்கு வந்துவிடலாம். அவர் தன் பங்கைக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்வதை அது தடுக்காது.

இனி எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம். அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது கிடைத்த தொகையில் பெரும்பகுதியை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டார். அன்று அவருடன் சென்றது நான். கையெழுத்துப் போட மட்டுமே தெரிந்த அம்மாவை நாமினியாகப் போட்டால் பின்னால் அலைய வேண்டியிருக்கும், மகளையே போட்டுவிடுங்கள் என்று அங்கிருந்த அலுவலர் சொன்னார், அப்பாவும் சரி என்றார். அதற்கு மேல் அந்தக் கையெழுத்தில் எந்த உட்பொருளும் இல்லை. 2022-இல் அப்பா இறந்தபோது வட்டியும் சேர்ந்து அந்தத் தொகை 12 லட்சம் ரூபாயாக இருந்தது.

வங்கிக்குச் சென்றபோது வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வாரிசுச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும், இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நாமினி இருக்கும் கணக்கில் இவை எதையும் கேட்கக் கூடாது. இறப்புச் சான்றிதழ், நாமினியின் அடையாளச் சான்று, கோரிக்கைப் படிவம் ஆகிய மூன்றே போதும். எல்லாம் ஒப்படைத்த 15 நாட்களுக்குள் பணத்தைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2005-ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. வைப்பாளர் இறந்துவிட்டால், முதிர்வுக்கு முன்பே எடுப்பதற்காக அபராதம் பிடிக்கக் கூடாது என்பதையும் அப்போதிருந்தே சொல்லி வருகிறது. அதை அச்செடுத்துக் கொண்டுபோய் மேலாளர் முன் வைத்த பிறகுதான் காரியம் நகர்ந்தது. 2025-இல் ரிசர்வ் வங்கி இந்த விதிகளை இன்னும் இறுக்கியிருக்கிறது: வங்கியின் தவறால் தாமதமானால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்துக்கு (Bank Rate) மேல் 4 சதவீதம் சேர்த்து, தாமதமான காலத்துக்கு வட்டி தர வேண்டும். நீங்கள் அலைக்கழிக்கப்பட்டால் இதைச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

நான் கையெழுத்திட்ட கோரிக்கைப் படிவத்தில், வாரிசுகளின் சார்பில் பொறுப்பாளராகவே இத்தொகையைப் பெற்றுக்கொள்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி அச்சாகியிருந்தது. நாமினிக்கு இதைத் தெளிவுபடுத்த வேண்டியது வங்கியின் கடமை என்று அதே 2005 சுற்றறிக்கை சொல்கிறது. உங்கள் படிவத்திலும் அது இருக்கும்; கையெழுத்துப் போடுவதற்கு முன் தேடிப் பாருங்கள். அன்று மாலை அம்மாவுக்கும் தம்பிக்கும் அந்த வரியை நான் வாசித்துக் காட்டினேன்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. சித்தப்பா வீட்டுக்கு வந்து, "அண்ணன் மனசுல நீதான் இருந்திருக்க, அதனாலதான் உன் பேர எழுதிருக்கார், எதுக்கு இதப் பங்கு வைக்கிற?" என்றார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னதாகவே இன்றும் நினைக்கிறேன். ஆனால் எனக்கே எல்லாம் சேர வேண்டும் என்று அப்பா நினைத்திருந்தால், ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட்டு, அவர்களும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தாலே அது உயில் ஆகியிருக்கும். அதைப் பதிவு செய்வதுகூடக் கட்டாயமில்லை. அவர் அதைச் செய்யவில்லை. இறந்தவர் மனதில் இருந்தது இதுதான் என்று உயிரோடு இருப்பவர்கள் தங்களுக்கு வசதியாகச் சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்க முடியாது.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, உயிலில்லாமல் இறக்கும் ஆணின் சுயசம்பாத்தியம் முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகச் செல்லும். மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் ஆகியோர் அந்த வகுப்பில் வருகிறார்கள். இறந்தவரின் தந்தை அதில் இல்லை, தாய் இருக்கிறார். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள், அல்லது மறந்துவிட விரும்புகிறார்கள். எங்கள் அப்பத்தா அப்போது உயிரோடு இருந்தார். ஆகவே அம்மா, அப்பத்தா, நான், தம்பி என நான்கு பங்கு, ஆளுக்கு 3 லட்சம். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு என்று கணக்கு மாறும். இஸ்லாமியக் குடும்பங்களுக்கு அவர்களுடைய சட்டம் தனி.

அப்பத்தாவின் பங்கில்தான் உறவுகள் இரண்டாகப் பிரிந்தன. அவருக்கு எண்பது வயதைக் கடந்துவிட்டது. இன்று அவர் கணக்கில் போடும் பணம் அவர் காலத்துக்குப் பிறகு சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் அல்லவா பிரிந்து போகும் என்று அம்மா வழி உறவினர்கள் கேட்டார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. அப்பத்தாவின் பணம் அவருடைய உயிருள்ள பிள்ளைகளுக்கும், இறந்த மகனின் பிள்ளைகளான எனக்கும் தம்பிக்கும் பிரியும், மருமகளான அம்மாவுக்கு அதில் எதுவும் வராது. அப்படியிருந்தும் கொடுத்தோம். மகனைப் பறிகொடுத்த தாய்க்குச் சட்டம் தரும் பங்கை, அவர் சீக்கிரம் போய்விடுவார் என்ற கணக்கில் நிறுத்தி வைப்பது எந்த வகையிலும் நியாயமாகாது. விரும்பினால் அவரே அம்மாவுக்குக் கொடுக்கலாம், உயிலும் எழுதலாம். அந்த முடிவு அவர் கையில் இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, தான் செய்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவே இவள் எழுதுகிறாள் என்று சிலர் நினைக்கலாம். நான் செய்தது தியாகமே அன்று. எனக்கு உரிமையில்லாத 9 லட்சத்தை உரியவர்களிடம் சேர்த்தேன், எனக்கு உரிய 3 லட்சத்தை நான் வைத்துக்கொண்டேன். அந்தக் கடைசிப் பகுதியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். என் பங்கை நான் எடுத்துக்கொண்டதற்குத்தான் ஊரில் அதிகம் பேச்சு வந்தது. கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று, பிறகு மகளுக்கு என்ன பங்கு என்றார்கள். இடையில் வட்டியை நான் எடுத்துக்கொண்டதாகவும் ஒரு பேச்சு கிளம்பியது. நாமினியாக என் தம்பி இருந்திருந்தால் ஒருவர்கூடக் கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதை உறுதியாகச் சொல்வேன். மகன் கையில் பணம் போனால் அது குடும்பத்திலேயே இருப்பதாகவும், மகள் கையில் போனால் வெளியே போய்விட்டதாகவும் பார்க்கும் வழக்கம், தந்தையின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் மாறவில்லை. மகன் நாமினியாக இருந்து, தங்கைக்கும் அக்காவுக்கும் ஒரு ரூபாய்கூடக் காட்டாமல் முடிந்துபோன கணக்குகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

அந்தப் பேச்சுகளுக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை, காகிதத்தால் சொன்னேன். வைப்பு முடிக்கப்பட்ட நாள்வரையிலான வட்டிக் கணக்கை வங்கியின் முத்திரையோடு வாங்கி வைத்திருந்தேன். வங்கி கேட்காவிட்டாலும் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்து வாரிசுச் சான்றிதழ் பெற்றிருந்தேன். வங்கிக்கு அது தேவையில்லை, வாரிசுகள் இன்னார் என்று காட்ட நமக்குத் தேவை. ஒருவருக்கும் ரொக்கமாகக் கொடுக்கவில்லை, எல்லாம் கணக்குக்குக் கணக்குதான் போனது. பெற்றுக்கொண்டதற்கு ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கினேன், கைரேகை வைத்த அப்பத்தா உட்பட. நீங்களும் இதையே செய்யுங்கள். அண்ணனோடு பேச்சுவார்த்தை சுமுகமாக இருக்கும்போதே செய்யுங்கள், ஏனென்றால் பகை வந்த பிறகு காகிதத்தில் கையெழுத்து வாங்க முடியாது.

மருத்துவச் செலவு முழுவதும் நான்தானே செய்தேன், அதைக் கழிக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ரசீதுகளை எடுத்து வைத்து, ஈமச் செலவையும் சேர்த்து ஒரு பட்டியல் எழுதி, மற்ற வாரிசுகள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதைக் கழித்துவிட்டு மீதியைப் பிரிக்கலாம். நீங்களாகவே ஒரு தொகையை எடுத்துக்கொண்டு பிறகு காரணம் சொல்வது மட்டும் வேண்டாம்.

வரியைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள். வாரிசாகப் பெறும் தொகைக்கு வருமான வரி கிடையாது. மரணச் சொத்து வரியும் 1985-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. அப்பா இறந்த பிறகு சேர்ந்த வட்டி மட்டும் பெறுபவர்களின் வருமானத்தில் வரும்.

இங்கே சொன்னது வங்கி வைப்புக்கு. நிறுவனப் பங்குகளுக்கும் (shares) நாமினி உரிமையாளர் ஆவதில்லை என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சக்தி யெஸ்தானி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆயுள் காப்பீடு வேறு. காப்பீட்டுச் சட்டத்தில் 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரில் ஒருவர் நாமினியாக இருந்தால் அவரே பயன்பெறும் நாமினி என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அங்கேயும் மற்ற வாரிசுகள் வழக்குத் தொடுக்கும்போது உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரித் தீர்ப்பளிக்கவில்லை. அப்பாவுக்கு பாலிசி இருந்தால் அதை இந்தக் கணக்கோடு சேர்க்காமல் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

உங்கள் அம்மா இருந்து, அவர் பங்கை மீண்டும் வங்கியில் போடுவதாக இருந்தால், 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக்கு நான்கு பேர்வரை நாமினியாகப் போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். அதனால் வாரிசுரிமை மாறிவிடாது. ஆனால் அண்ணனுக்கு உரிய பாதி அண்ணன் கைக்கும், உங்களுக்கு உரிய பாதி உங்கள் கைக்கும் வங்கியிலிருந்து நேராகவே வந்துவிடும். படிவம் நிரப்ப அம்மாவை அழைத்துப் போகும்போது அண்ணனையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.