பானிங்டனின் வெனிஸ் - கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில ஓவியர் ரிச்சர்ட் பார்க்ஸ் பானிங்டன் 1826இல் வரைந்த வெனிஸ் படத்தைப் பற்றிச் சொல்லியிருந்தீர்கள். ரியால்ட்டோ பாலத்தின் பக்கம் நோக்கிய, நகரின் பெரிய கால்வாயான கிராண்ட் கனாலின் காட்சி. தேடிப் பார்த்தேன். பெரிதாக்கினால் சன்னல்கள் வெறும் புள்ளிகளாகிவிடுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியர் கனலெட்டோ வரைந்த வெனிஸில் கல் கல்லாக எண்ணலாமே! 25 வயதில் இறந்தவர் என்ற பரிதாபத்தில்தான் இதைக் கொண்டாடுகிறோமா?

எம்.

அன்புள்ள எம்.,

பரிதாபம் காரணமில்லை. காசநோயில் அவர் இறந்தது 1828இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே பாரிஸ் சலோன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியவர். பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா தன் ஓவியக்கூடத்திலேயே அவருக்கு இடம் கொடுத்து உடன் வேலை செய்திருக்கிறார்.

இது கூடத்தில் உட்கார்ந்து மெருகேற்றிய படமல்ல, முன்வரைவு. வெனிஸில் அவர் இருந்தது சுமார் ஒரு மாதம்தான். அன்று ட்யூப் வண்ணமே கிடையாது, அது 1841இல்தான் வந்தது. குழைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துப்போக வேண்டும், ஊசியால் குத்திப் பிதுக்க வேண்டும். அதனால் துணிச்சட்டம் இல்லாமல் கெட்டி அட்டை. சுமார் 35 செ.மீ. உயரம், 45 செ.மீ. அகலம், அவ்வளவுதான். இப்போது டெக்ஸாஸில் கிம்பெல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெனிஸில் வெளிச்சம் நிற்காது. மேகம் நகர்ந்தால் மாளிகைச் சுவரின் நிறம் மாறும், அதோடு கால்வாயில் விழும் நிழலும் மாறும். சன்னலை எண்ணிக்கொண்டிருந்தால் அந்த வேளை போய்விடும். பானிங்டனுக்கு அந்த வேளைதான் வேண்டியிருந்தது. கனலெட்டோ நகரத்தைக் காட்டுகிறார். எனக்கு அவரையும் பிடிக்கும். ஆனால் அவர் படத்தில் காற்றின் ஈரத்தை நான் உணர்ந்ததில்லை.

நுணுக்கமாக வரையத் தெரியாமல் விட்டவரும் இல்லை. பாரிஸ் திரும்பியபின் இதே பயணத்தின் வரைவுகளைக் கொண்டு கண்காட்சிக்காகப் பெரிய வெனிஸ் படங்களை முடித்திருக்கிறார். அவை கம்பீரமானவை. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போவது இந்த அட்டைக்குத்தான்.

சரி, ஒன்று செய்யுங்கள். படத்தைப் பெரிதாக்காமல், திரையிலிருந்து நாலடி தள்ளி நின்று பாருங்கள். முதலில் வானம், அப்புறம் சுவர் தண்ணீரைத் தொடும் இடம். அந்தப் புள்ளிகள் சன்னலாகின்றனவா என்று எனக்கு எழுதுங்கள்.