பழைய ஐ5-2400 புராசஸரின் பெஞ்ச்மார்க் ஸ்கோர் குறைவாக வந்தால் சிப் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமா?

2011-ல் வாங்கிய இன்டெல் ஐ5-2400, பெஞ்ச்மார்க்கில், அதாவது வேகத்தை அளக்கும் சோதனையில், மற்றவர்கள் போடும் ஸ்கோரைவிட நிறையக் குறைவாகக் காட்டுகிறது என்கிறீர்கள். பல வருடம் ஓடியதாலேயே ஒரு புராசஸரின் வேகம் இறங்கிவிடாது. வேறு ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அது எது என்று பெஞ்ச்மார்க்கை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் சித்தப்பாவின் டிடிபி கடையில் இந்தத் தலைமுறை மெஷின்கள்தான் இன்னும் ஓடுகின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்வது நான்தான். முதலில் ஃபைல்களைச் சுருக்கும் செவன்-ஜிப் மென்பொருளைப் போடுவேன். இலவசம், டூல்ஸ் மெனுவிலேயே பெஞ்ச்மார்க் இருக்கிறது. ஃபைலைச் சுருக்கும் வேகம், விரிக்கும் வேகம் என்று இரண்டு எண் தரும். சுருக்கும் வேலைக்கு ரேமின் தயவு நிறைய வேண்டும். விரிப்பது பெரும்பாலும் கோரின், அதாவது புராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதியின் வேலை. சுருக்கும் எண் மட்டும் அடிவாங்கியிருந்தால் கேபினட்டைத் திறந்து ரேமைப் பாருங்கள். இந்த சிப்புக்கு மெமரி சேனல், அதாவது ரேமுக்குப் போகும் பாதை, இரண்டு. 8 ஜிபியை ஒரே ஸ்டிக்காகப் போட்டிருந்தால், நொடிக்கு 21 ஜிபி வரை போகக்கூடிய பாதையில் பாதிதான் திறந்திருக்கும். நாலும் நாலுமாக, மதர்போர்டு சொல்லும் ஸ்லாட்டுகளில் மாட்டுங்கள்.

இரண்டு எண்ணுமே குறைவு என்றால் விண்டோஸின் பவர் ஆப்ஷனில், மின்சாரம் மிச்சப்படுத்த வேகத்தைக் குறைக்கும் 'பவர் சேவர்' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எனக்கு முதல் சந்தேகம் சூடுதான். சினிபெஞ்ச் ஆர்23 என்ற இன்னொரு பெஞ்ச்மார்க்கைப் பத்து நிமிட டெஸ்ட்டில் ஓடவிட்டு, பக்கத்தில் சூட்டையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூமானிட்டரைத் திறந்து வையுங்கள். இந்த சிப்பின் அடிப்படை வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ், தேவைப்படும்போது தானே வேகம் கூட்டும் டர்போவில் 3.4 வரை போகும். நாலு கோரும் முழு வேலையில் இருக்கும்போது, சூடு ஏற ஏற வேகம் 3.1-க்குக் கீழே விழுந்தால் அதுதான் காரணம்.

நம் ஊரில் இது சாதாரணம். கடற்காற்றின் ஈரமும் உப்பும் தூசியோடு சேர்ந்து சிப்பின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்குகளில் பிசுக்காகப் படிந்துவிடும். புளோயர் மட்டும் போதாது. கழற்றி பிரஷ் போட வேண்டும். சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். அப்புறம் கூலரின் நாலு பின்னும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், ஒன்று தளர்ந்தாலும் சூடு எகிறும். சித்திரை மதியத்தில், ஏசி இல்லாத அறையில், சூட்டில் வேகம் விழுந்து வந்த ஸ்கோரைக் குளிர் தேசத்துக்காரர் ஸ்கோரோடு ஒப்பிடுவது உங்கள் மெஷினுக்குச் செய்யும் அநியாயம். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும், ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுத்த உங்கள் சொந்த எண்களை ஒப்பிடுங்கள்.

இதெல்லாம் சரியாகி, ஸ்கோரும் ஏறிய பிறகும் விண்டோஸ் திறக்க நேரமானால் அது புராசஸர் விஷயமே இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்கை மாற்றி ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள்.