கதவுக்கு வெளியே ஒரு குறள் வெண்பா

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஆகும். என்னை உள்ளே விடமாட்டார்கள், வெளியே நாற்காலியில்தான் இருப்பு. நாவல் எடுத்துப் போனேன். ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தேன், காது கதவிலேயே இருக்கிறது. கடைசியில் செல்போன்தான். வீடு திரும்பும்போது கண்ணெரிச்சலும் பொழுதைத் தொலைத்த வருத்தமும்தான் மிச்சம். இந்த நேரத்தை உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? பள்ளியில் எனக்குத் தமிழ்தான் பிடித்த பாடம்.

ம., திருச்சி

அன்புள்ள ம.,

காது கதவில்தான் இருக்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் சட்டென்று எழுந்து ஓட வேண்டிய இடம் அது. நாவல் முழு மனதையும் கேட்கும், அதனால்தான் ஒட்டவில்லை. உங்களுக்கு வேண்டியது பாதியில் விட்டாலும் கெட்டுப்போகாத வேலை. எனக்குத் தெரிந்து அப்படி ஒன்று, குறள் வெண்பா கட்டுவது. இரண்டே அடி, மொத்தமே ஏழு சீர், அதாவது ஏழு சொல் துண்டு. பேப்பர்கூட வேண்டாம், விரல் விட்டு எண்ணியே கட்டிவிடலாம்.

என் தங்கையைப் பிரசவத்துக்குச் சேர்த்த இரவு, ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். வார்டு வாசலில் செருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு பெரியம்மாவின் செருப்பில் அறுந்த வாரை ஊக்கு மாட்டி இழுத்துப் பிடித்திருந்தது. போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. அந்தச் செருப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது ‘செருப்பெல்லாம் வாசலில் குவிந்திருக்க’ என்று வந்தது. ஆனால் தளை தட்டியது, அதாவது ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் விதி பிசகியது. ‘வாசலில்’ என்பது ‘வா’, ‘சலில்’ என்று பிரியும், அந்த அமைப்புக்குப் பெயர் கூவிளம். விளத்துக்குப் பின்னால் நேரசைதான், அதாவது ‘வா’, ‘கல்’ போல மெய்யை விட்டால் ஓரெழுத்தே உள்ள அசைதான் வரலாம். ‘குவிந்’ நிரையசை, மெய்யை விட்டால் இரண்டு எழுத்து. அதற்கு மாற்றுச் சொல் தேடி அரை மணி நேரம் நடந்தேன். ‘சேர்ந்திருக்க’ கிடைத்தது. தளையும் சரியானது, ‘செ’வுக்கு ‘சே’ என்று முதலெழுத்து ஒத்துவரும் மோனையும் கேட்காமலே வந்து உட்கார்ந்தது. அந்த நிமிடத்தின் சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் இரண்டாவது அடி. ‘செரு’வுக்கு எதுகையாக, அதாவது இரண்டாம் எழுத்து ஒத்துவர, ‘ஒரு’. ‘ஒருத்திக்காய் ஊரே விழித்திருக்கும்’ என்று முடிக்க ஆசை. ஆனால் வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாட்டில், அதாவது ஓசை அச்சில், ஒன்றாக இருக்க வேண்டுமே! நடுவில் மருந்துச் சீட்டைக் கொடுத்து வாங்கிவரச் சொன்னார்கள். படியிறங்கும்போது கிடைத்தது.

செருப்பெல்லாம் வாசலில் சேர்ந்திருக்க உள்ளே
ஒருத்திக்காய் ஊரே விழிப்பு.

பெரிய கவிதை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரவு பயம் போகவில்லை என்றாலும், பயத்தோடு உட்கார எனக்கு ஒரு இடம் கிடைத்தது. இன்று அந்தக் குறளைச் சொன்னால் ஊக்கு மாட்டிய செருப்பு கண்ணுக்கு முன்னால் வருகிறது. அந்த இரவு செல்போனில் எதையாவது பார்த்திருந்தால் ஒன்றுகூட நினைவில் நின்றிருக்காது.

அசை, சீர், தளை மறந்திருக்கும். பழைய பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள், ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். முதல் பத்து வெண்பாவும் தட்டும், தட்டட்டும்.

இன்னொன்று. அப்பாவும் அந்த நான்கு மணி நேரம் கையை அசைக்காமல் காத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவரோடும் இதை விளையாடலாம். ஈற்றடியை, அதாவது கடைசி அடியை, கொடுத்துப் பாடச் சொல்வது நம் புலவர்களின் பழைய வழக்கம். உள்ளே போகும் முன் அவரிடம் ஈற்றடியைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் வெளியே ஒரு முதலடி கட்டுங்கள், அவர் உள்ளே ஒன்று கட்டட்டும். திரும்பும்போது ஆட்டோவில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் ஈற்றடியை நானே தருகிறேன்:

கதவு திறக்கும் கணம்.

முதலடி குறிலில் தொடங்கி, இரண்டாம் எழுத்தாகத் ‘த’ வந்தால் எதுகை அமையும். அந்த அடியின் கடைசிச் சீர் ‘உள்ளே’ போலத் தேமாவாகவோ ‘கதவு’ போலப் புளிமாவாகவோ இருக்கட்டும். இருவர் எழுதியதையும் அனுப்புங்கள். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.