குறைந்த செலவில் இரண்டு காலில் நடக்கும் ரோபோவை வீட்டிலேயே செய்ய முடியுமா? என் பட்ஜெட் 2,000 ரூபாய். சாய்வதை உணரும் ஜைரோ சென்சார் கட்டாயம் வேண்டுமா?

முடியும். என்னுடையது ஏறத்தாழ 1,300 ரூபாயில் முடிந்தது. அதற்கு முன்னால் ஒன்றைச் செய்து, நடக்கவைக்க முடியாமல் கழற்றிப் போட்டேன். அந்தச் செலவை இதில் சேர்க்கவில்லை, வீட்டிலும் இன்னும் சொல்லவில்லை.

முதல் ரோபோவுக்கு மனிதக் கால் மாதிரியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒவ்வொரு காலிலும் இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மொத்தம் ஆறு எம்ஜி996ஆர் சர்வோக்கள் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்கள்), அலுமினியம் பிராக்கெட்டுகள். நிற்கச் சொன்னால் கம்பீரமாக நின்றது. காலைத் தூக்கச் சொன்னால் ஒரு நடுக்கம், உடனே பழையபடி விறைப்பாக நிமிர்ந்துகொள்ளும். இரண்டு வாரம் புரோகிராமில் தப்புத் தேடினேன். தப்பு சார்ஜரில் இருந்தது. இந்த சர்வோ பாரம் தாங்காமல் திணறி நிற்கும்போது ஒன்றே 2.5 ஆம்பியர் வரை இழுக்கும். நான் கொடுத்திருந்ததோ 1 ஆம்பியர் தரும் பழைய மொபைல் சார்ஜர். வோல்டேஜ் சரிந்ததும், புரோகிராமை ஓட்டும் ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகி முதல் வரிக்கே போய்விடும். முதல் வரி என்ன? 'நேராக நில்'!

சரி, நல்ல பேட்டரி போட்டேன். இப்போது காலைத் தூக்கியது, தூக்கிய பக்கமே தொப்பென்று விழுந்தது. ஏன் என்று தெரிய ஒரு சின்னச் சோதனை: வலது தோளும் வலது பாதமும் சுவரை ஒட்டியிருக்கும்படி பக்கவாட்டில் நின்றுகொண்டு, இடது காலைத் தூக்கிப் பாருங்கள். தூக்கி நிற்க முடியாது. ஒரு காலைத் தூக்கும் முன் உடம்பு இன்னொரு கால் பக்கம் சாய வேண்டும், சுவர் அதற்கு விடாது. என் ரோபோவின் ஆறு மூட்டுகளும் முன்னும் பின்னும் மட்டுமே மடங்கின. பக்கவாட்டில் சாய ஒரு மூட்டுகூட இல்லை. ஆறு மோட்டார் வாங்கியும், அது சுவரில் ஒட்டி நிற்கிற ஆள்தான்.

அதனால் உங்களுக்கு என் யோசனை, முழங்காலை மறந்துவிடுங்கள். நான்கு சர்வோ போதும். இடுப்பில் இரண்டும் காலை இட வலமாகத் திருப்பும், கணுக்காலில் இரண்டும் பக்கவாட்டில் சாய்க்கும். ஓட்டோ டிஐஒய் என்ற திறந்தமூல ரோபோ இப்படித்தான் நடக்கிறது. அதன் வரைபடங்களும் நிரலும் இலவசம். வலப்பக்கம் சாய், இடுப்பைத் திருப்பி இடது காலை முன்னே கொண்டுபோ, சாய்வை எடு, அப்புறம் அதையே இடப்பக்கம். நிரலில் இது இரண்டு சைன் அலைகள்தான், அதாவது சீராக ஏறி இறங்கும் கோணங்கள். இரண்டு கணுக்காலுக்கும் ஓர் அலை, இரண்டு இடுப்புக்கும் ஓர் அலை, இடையில் 90 டிகிரி வித்தியாசம், அதாவது ஒரு சுற்றில் நான்கில் ஒரு பங்கு முன்பின். அந்த 90-ஐ மறந்து எல்லாவற்றையும் ஒன்றாக ஆட்டினால் நின்ற இடத்திலேயே குத்தாட்டம் போடும். என் பையனுக்கு அதுதான் பிடித்திருந்தது.

பொய்க்கால் குதிரை ஆடுபவர்களைக் கவனித்திருப்பீர்கள். கட்டையின் அடிப்பகுதி சின்னது, அதனால் அசையாமல் நிற்பது கஷ்டம், சும்மா இருக்கும்போதும் காலை மாற்றிமாற்றி வைத்துக்கொண்டே இருப்பார்கள். அப்படி விழவிழ அடி வைத்துச் சமாளிக்கும் நடைக்குத்தான் ஜைரோ சென்சாரும் வேகமான மோட்டாரும் வேண்டும். நம் பட்ஜெட்டில் அகலப் பாதம் வைத்து, காலைத் தூக்கும்போதெல்லாம் உடல் எடை ஊன்றிய பாதத்துக்கு நேர்மேலே இருக்கும்படி மெதுவாக நடக்கவைக்கலாம். ஆகவே சென்சாரை இப்போது வாங்காதீர்கள்.

மோட்டார் தாங்குமா என்பதை வாங்கும் முன்பே கணக்குப் போடலாம். எடையைக் கிலோவிலும், எடை மையம் கணுக்காலிலிருந்து பக்கவாட்டில் தள்ளியிருக்கும் தூரத்தைச் சென்டிமீட்டரிலும் எடுத்துப் பெருக்குங்கள். 250 கிராம், 4 செ.மீ. என்றால் 1 வரும். எம்ஜி90எஸ் என்ற சின்ன சர்வோவின் திறன் 4.8 வோல்ட்டில் சுமார் 1.8 கிலோ-செ.மீ., எனவே தாங்கும். அதே ரோபோ 500 கிராம் ஆனால் 2 வந்துவிடும், தாங்காது. நான் உடம்பை 3டி பிரிண்ட் செய்யாமல் சன்போர்டில் (லேசான ஃபோம் அட்டை) வெட்டியதற்குச் செலவோடு இந்த எடையும் காரணம்.

மின்சாரத்துக்கு இரண்டு 18650 லித்தியம் பேட்டரிகளைத் தொடராக இணைத்து, ஒரு பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைக்கும் சின்னப் போர்டு) வழியாக 5 வோல்ட் சர்வோக்களுக்கு மட்டும் கொடுங்கள். ஆர்டுயினோ நானோ போர்டின் விஐஎன் (மின்சாரம் உள்ளே வரும்) பின்னுக்குப் பேட்டரியிலிருந்து தனி ஒயர். போர்டு, சர்வோ இரண்டின் கிரவுண்டும் (மைனஸ் ஒயர்) ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சர்வோ பேய் பிடித்த மாதிரி உதறும்.

சர்வோவின் அச்சில் பொருத்தும் சின்னக் கையை (ஹார்ன்) மாட்டும் முன் எல்லா சர்வோவையும் 90 டிகிரியில், அதாவது நடுவில், நிறுத்திவிடுங்கள். அச்சில் 20 அல்லது 21 பற்கள், ஒரு பல் தள்ளி மாட்டினாலே 17, 18 டிகிரி கோணல். மிச்சமிருக்கும் சின்னக் கோணலை நிரலில் கழித்துக்கொள்ளலாம்.

டைல்ஸ் தரையில் பாதம் வழுக்கி, என்னுடையது முதலில் ஒரே இடத்தில் வட்டமடித்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் ஒட்டியதும் நேராகப் போனது. கால்மிதியில் ஏறினால் இன்னும் விழுகிறது. படி ஏறாது, உட்காராது. அதெல்லாம் வேண்டுமென்றால் முழங்கால் வேண்டும், அதற்கு 2,000 ரூபாய் பத்தாது.