கீபோர்டு வாசிப்பவன் எதற்கு ஊத வேண்டும்?

கேள்வி: அண்ணே, நான் தூத்துக்குடி. வயசு 28. சர்ச் கொயரில் ஆரம்பித்து, இப்போது பத்து வருஷமாக மெல்லிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிக்கிறேன். மும்பை ஏஜென்ட் ஒருவர் மூலமாக, மியாமியிலிருந்து கிளம்பும் ஒரு சொகுசுக் கப்பலில் லவுஞ்ச் பேண்டில் ஆறு மாத கான்ட்ராக்ட் கிடைத்திருக்கிறது. பயிற்சி எல்லாம் முடித்து, கடலோடிகளுக்கான அடையாளப் புத்தகமான சிடிசியும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்பிய காகிதத்தில், கான்ட்ராக்ட் முடியும்வரை கப்பலிலும் சரி, துறைமுகத்தில் இறங்கினாலும் சரி, ஒரு சொட்டுக் குடிக்கக் கூடாது, எப்போது ஊதச் சொன்னாலும் ஊத வேண்டும், மறுத்தால் வேலை போகும் என்று இருக்கிறது. பயணிகள் மூவாயிரம் பேரும் குடிப்பார்கள், அவர்களுக்கு வாசிக்கிற நான் மட்டும் குடிக்கக் கூடாதா? நான் என்ன கப்பலா ஓட்டுகிறேன்? ராத்திரி ஒரு மணிக்குக் கச்சேரி முடிந்த பிறகு என் நேரம் என்னுடையது இல்லையா? நம் ஊர்க் கச்சேரியில் இடைவேளையில் ரெண்டு போட்டால்தான் எனக்குக் கை ஓடும், குழுவில் எல்லாருக்கும் தெரியும். கலைஞனைக் குற்றவாளி மாதிரி நடத்துகிற இடத்துக்குப் போகலாமா, வேண்டாமா?
பெயர் வேண்டாம், தூத்துக்குடி

பதில்: தம்பி, உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஒன்பது வருஷம் கப்பல்களில் பேஸ் கிடார் வாசித்தவன் என்ற முறையில் அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். டிரிங்க் பேக்கேஜ் வாங்கிய பயணி காலை பத்து மணிக்கே நீச்சல் குளத்தோரம் ஐஸ் பக்கெட்டில் பியரைச் சொருகிவைத்துக்கொண்டு சாய்ந்திருப்பார். டிக்கெட்டுக்கு அப்புறம் கப்பலுக்குக் காசு கொட்டுகிற இடங்களில் பாரும் ஒன்று. சாயங்காலம் நாம் வாசிக்கிற ஒவ்வொரு பாட்டும் அவரை இன்னொரு ரவுண்டு சொல்ல வைப்பதற்குத்தான். லவுஞ்ச் பேண்டின் வேலையே அது, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்த வாசனைக்கு நடுவே ஆறு மாதம் சோடாவைக் குடித்துக்கொண்டு நிற்பது எரிச்சலான விஷயம்தான்.

ஆனால் நான் என்ன கப்பலா ஓட்டுகிறேன் என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் நல்ல பதில் ஒன்று இருக்கிறது. உங்கள் கப்பல் மியாமியில் கிளம்புகிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதிப்படி, உல்லாசப் படகு தவிர்த்த எந்தக் கப்பலிலும் சிப்பந்தியாக இருந்தாலே அவர் கப்பலை 'இயக்குபவர்' கணக்கில் வந்துவிடுவார். ஸ்டீயரிங்கைத் தொட வேண்டியதில்லை, கப்பலை ஓட்டுகிற அறையான பிரிட்ஜ் எந்தத் தளத்தில் இருக்கிறது என்று தெரியக்கூட வேண்டியதில்லை. அங்கே ரத்தத்தில் 0.04 சதவீதம் மதுதான் எல்லை. கப்பல்காரர்களின் பயிற்சிக்கும் பணிக்கும் உலகப் பொது விதியான எஸ்டிசிடபிள்யூவில், 2012 ஜனவரி முதல், பாதுகாப்புப் பணி செய்கிற கப்பல்காரர்களுக்கு 0.05. நம் ஊரில் பைக் ஓட்டுபவருக்கு டிராஃபிக் போலீஸ் வைத்திருக்கும் கணக்கு 0.03. அதாவது தூத்துக்குடி ரோட்டில் உங்களுக்கு இருக்கிற எல்லை இவை இரண்டையும் விடக் கடுமையானது. அங்கே ஊதச் சொன்னால் 'கலைஞனை ஊதச் சொல்கிறாயா' என்று யாரும் கேட்பதில்லையே.

பயிற்சியில் உங்களை லைஃப் ஜாக்கெட் மாட்டி நீச்சல் குளத்தில் குதிக்க வைத்திருப்பார்கள், தீயணைப்புக் குழாயைப் பிடிக்க வைத்திருப்பார்கள். கீபோர்டுக்காரனுக்கு எதற்கு இது என்று அன்றைக்கு நினைத்தீர்களா? கப்பல் ஏறியதும் கையில் ஒரு அட்டை கொடுப்பார்கள். அதில் உங்கள் அவசரகால எண்ணும், நிற்க வேண்டிய இடமும் இருக்கும். பேண்டு ஆட்களைப் பெரும்பாலும் படிக்கட்டுத் திருப்பத்தில் வழிகாட்டவோ, அவசரத்தில் எல்லாரும் கூடுகிற மஸ்டர் ஸ்டேஷனில் பயணிகளை எண்ணவோ போடுவார்கள். எனக்கு வாய்த்தது நான்காவது தளத்துப் படிக்கட்டு. ஏழு குட்டை விசில், ஒரு நெட்டை விசில் அடித்தால் நான் போய் அங்கே நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் கை நீட்டி, லிஃப்ட் பக்கம் போகிறவர்களை மறித்து, வீல்சேரில் வருகிற பாட்டிக்கு ஆள் கூப்பிட்டு, ஜாக்கெட் வாரை மாட்டத் தெரியாமல் அழுகிற பையனுக்கு மாட்டிவிட்டு. எல்லாரும் ஜாக்கெட்டோடு கூடி, கப்பலைக் கைவிடும் ஆணையும் வந்துவிட்டால், 30 நிமிடத்துக்குள் படகுகள் அத்தனையும் ஆட்களோடு தண்ணீரில் இறங்கிவிட வேண்டும் என்பது கடல் பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச விதியான சோலாஸின் சட்டம். அந்த அரை மணி நேரத்துக்கு முந்தைய தள்ளுமுள்ளு முழுவதும் நம் மாதிரி ஆட்களின் தலையில்தான்.

இதெல்லாம் டிரில்லுக்குச் சரி, நிஜத்தில் எங்கே நடக்கும் என்பீர்கள். ஓஷியானோஸ் கதையைக் கேளுங்கள். கப்பலில் வாசிக்கப் போகிற எவனும் தெரிந்துகொண்டு போக வேண்டிய கதை அது. 1991 ஆகஸ்ட் 3, தென்னாப்பிரிக்கா. ஈஸ்ட் லண்டனில் இருந்து டர்பனுக்குப் புயலில் கிளம்பிய கிரேக்கக் கப்பல். ராத்திரி கரண்ட் போய்விட்டது. கீழே தண்ணீர் ஏறுகிறது, மேலே பயணிகளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கப்பலில் மாஸ் ஹில்ஸ் என்ற கிடார்காரர் இருந்தார், அவர் மனைவி டிரேசியும் உடன் இருந்தார். முதலில் லவுஞ்சில் பாட்டுப் பாடி ஆட்களைக் கலவரப்படாமல் உட்கார வைத்தார்கள். அப்புறம் மாஸ் மேஜிக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கீழே போய்ப் பார்த்தால், வெள்ளம். அதிகாரிகளில் பலர் ஏற்கெனவே படகேறப் பார்க்கிறார்கள். கலைஞர்களே படகுகளை இறக்க ஆரம்பித்தார்கள், அதற்கு முன் யாரும் இறக்கியதில்லை. கடைசியில் பிரிட்ஜுக்குப் போனால் அங்கே ஒருவரும் இல்லை. ரேடியோவை எடுத்து உதவி கேட்டார். அந்தப் பக்கம் பேசியவர் உங்கள் பதவி என்ன என்று கேட்க, பதவி எல்லாம் இல்லை, நான் கிடார் வாசிப்பவன் என்றாராம்.

விடிந்ததும் ஹெலிகாப்டர்கள் வந்தன. கேப்டன் பயணிகளுக்கு முன்னாலேயே ஏறிப் போய்விட்டார். சரிந்துகொண்டிருந்த தளத்தில் நின்று ஆள் ஆளாக பெல்ட் மாட்டித் தூக்கிவிட்டவர்களில் இந்தக் கிடார்காரரும் ஒருவர். 571 பேர், அத்தனை பேரும் பிழைத்தார்கள். அந்த ராத்திரி அவர் கச்சேரி முடித்து நாலு பெக் உள்ளே தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டு நான் பல ராத்திரி என் கேபினின் மேல் படுக்கையில் படுத்திருக்கிறேன்.

ராத்திரி ஒரு மணிக்கு மேல் என் நேரம் என்கிற வாதத்துக்கு அதுவே பதில். ஒரு கணக்கும் சொல்கிறேன். 70 கிலோ எடையுள்ள ஆண், ஒரு குவார்ட்டரை முடித்தால் ரத்தத்தில் சுமார் 0.13 வரை ஏறும். உடம்பு அதை மணிக்கு 0.015 வீதம்தான் கழிக்கும். மோர், எலுமிச்சை, குளிர்ந்த தண்ணீர்க் குளியல், எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. ஒரு மணிக்கு முடித்தால் காலை ஏழு மணிக்கும் 0.04-ஐ ஒட்டித்தான் நிற்பீர்கள். பூச்சியத்துக்கு வர ஒன்பதரை ஆகிவிடும். ஆஃப் என்றால் மறுநாள் சாயங்கால செட்டுக்கும் மிச்சம் இருக்கும். தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் காலை எட்டு மணிக்கு செக்யூரிட்டி கதவைத் தட்டி, லாட்டரியில் உங்கள் பெயர் வந்திருக்கிறது, வந்து ஊது என்றால், 'நேற்று ராத்திரி குடித்தது சார்' என்பதை மிஷின் கேட்காது.

எல்லை வைப்பது ஒன்று, ஒரு சொட்டும் கூடாது என்பது வேறொன்று. நான் போன கப்பல்களில் எல்லைதான் இருந்தது. சிப்பந்திகளுக்கென்றே கீழ்த்தளத்தில் க்ரூ பார், மலிவு விலையில் பியர். ஒரு பியரை ஒரு மணி நேரம் வைத்து உறிஞ்சிக்கொண்டு பிலிப்பைன்ஸ் டிரம்மரோடு கதை பேசலாம். முழுத் தடை எனக்குப் பிடிக்காது, மறைப்பானேன். அது நிர்வாகத்துக்குச் சுலபம், 0.03-ஆ 0.05-ஆ என்று அளந்துகொண்டிருக்க வேண்டாம். ஆனால் முழுத் தடை உள்ள கப்பலில் குடிக்கிறவன் ஷாம்பு பாட்டிலில் வோட்கா ஊற்றிக்கொண்டு கேபினில் தனியாகக் குடிப்பான். நாலு பேர் நடுவில் ஒன்றோடு நிறுத்துகிறவன், தனியாக இருந்தால் நிறுத்துவதில்லை. (பிரிட்டிஷ் கடற்படை 1970 ஜூலை வரை மாலுமிகளுக்கு தினமும் ரம் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது, அதுவும் அரசாங்கச் செலவில். நாம் கொஞ்சம் லேட்டாகப் பிறந்துவிட்டோம்.) ஆனாலும் விதி பிடிக்கவில்லை என்பதற்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு ஷாம்பு பாட்டில் தூக்குவதற்கு, போகாமலே இருந்துவிடலாம்.

காகித விஷயங்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி நீங்களும் கடலோடிதான், எனவே ஒரு நாளில் 10 மணி நேர ஓய்வும், ஒப்பந்தம் முடிந்தால் கம்பெனி செலவில் ஊர் திரும்புவதும் உங்கள் உரிமை. ஆனால் கடுமையான தவறு செய்ததாக முடிவானால் அந்த டிக்கெட் காசை உங்களிடம் வசூலிக்க அதே உடன்படிக்கை இடம் கொடுக்கிறது. குடித்து மாட்டினால் சாதாரணமாக அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். என்னோடு வாசித்த சாக்ஸஃபோன்காரரை அப்படி ஒரு காலையில் இறக்கினார்கள். பெட்டியும் சாக்ஸஃபோனும் கப்பலில் இருந்து இறங்குகிற கேங்வேயில், அவர் டாக்ஸிக்குக் காத்துக்கொண்டு நின்றார். அன்று ராத்திரி அவருடைய பார்ட்டை நாங்கள் கீபோர்டில் ஒப்பேற்றினோம். மது பற்றிய கொள்கையை முழுதாக எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாவது தடவை ஊத வைப்பார்களா, நேரத்தோடு சீட்டு கொடுப்பார்களா என்று பாருங்கள். மௌத்வாஷ் கொப்பளித்த உடனே ஊதினால் மிஷின் எகிறும், கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத விடச் சொல்லிக் கேட்பது நியாயம். அப்புறம் அந்த மும்பை ஏஜென்ட்டிடம், கப்பல் வேலைக்கு ஆள் எடுக்க அரசு தருகிற ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்கிறதா? வேலை வாங்கித் தர உங்களிடம் காசு கேட்டாரா? கேட்டிருந்தால் மதுவை விடப் பெரிய பிரச்சினை அது, தனியாக எழுதுங்கள்.

இப்போது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். ரெண்டு போட்டால்தான் கை ஓடும்.

எனக்கும் ஓடியது, தம்பி. முதல் கான்ட்ராக்டில் பயணி யாராவது மேடைக்கு விஸ்கி அனுப்புவார். ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வைத்துக்கொண்டு செட்டுக்கு ஒன்று என்று போகும். பிரமாதமாக வாசிக்கிறோம் என்று நினைப்பு. ஒரு நாள் சவுண்டுக்காரர் கூப்பிட்டு, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, முதல் செட்டையும் மூன்றாவது செட்டையும் போட்டுக் காட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது செட்டில் டிரம்மர் ஒரு தாளத்தில் போகிறார், நான் அவருக்குப் பின்னால் செருப்பை இழுத்துக்கொண்டு நடக்கிற மாதிரி வருகிறேன். டிரம்மர் அதை இழுத்துப் பிடிக்கப் படுகிற பாடும் கேட்கிறது. அவர் அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதற்கப்புறம் பயணி வாங்கித் தந்தால் பார்காரரைப் பார்த்துக் கண்ணடிப்பேன், அவர் ஜிஞ்சர் ஏலில் எலுமிச்சை மிதக்கவிட்டு அனுப்புவார். யாருக்கும் மனவருத்தம் இல்லை. உங்கள் கப்பலில் கையில் கிளாஸே இருக்கக் கூடாது என்றால் அதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, உங்களை மட்டும் கேட்கிறேன், பதில் எனக்கு எழுத வேண்டாம். கச்சேரி இல்லாத நாளிலும் சாயங்காலம் ஆனால் மனசு அங்கேயே போகிறதா? குடிக்காத மறுநாள் காலையில் கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, தூக்கம் வரவில்லையா? ஆம் என்றால், கப்பலில் ஏறி அன்றே நிறுத்திவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். தினமும் குடிக்கிற உடம்பு திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரை போகலாம், நடுக்கடலில் அது வேண்டாம். ஜாயினிங்குக்கு முன்பே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் டாக்டரைப் பாருங்கள், மருந்தோடு நிறுத்த உதவுவார்கள். கப்பலிலும் ஆதரவு இல்லாமல் இல்லை. தினசரி நிகழ்ச்சித் தாளில் 'பில் டபிள்யூவின் நண்பர்கள்' என்று ஒரு கூட்டம் போட்டிருக்கும், அது குடியை விட்டவர்கள் உட்கார்ந்து பேசுகிற இடம். முதல் முறை பார்த்தபோது யாரோ பணக்காரரின் பிறந்தநாள் பார்ட்டி என்று நினைத்தேன்.

காலையில் நடுக்கம் எதுவும் இல்லை, கச்சேரிப் பழக்கம் மட்டும்தான் என்றால் எனக்கு ஒரு காரியம் செய்யுங்கள். கையெழுத்துப் போட இன்னும் நாள் இருக்கிறதல்லவா. அடுத்த மூன்று கச்சேரியை ஒன்றும் போடாமல் வாசியுங்கள். முதல் கச்சேரி கேவலமாக இருக்கும், விரல் மரக்கட்டை மாதிரி இருக்கும், பாடகர் முறைப்பார். மூன்றையும் போனில் ரெக்கார்டு செய்து, பழைய கச்சேரி ரெக்கார்டிங் ஏதாவது கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்து, ஹெட்ஃபோனில் தனியாகக் கேளுங்கள். காகிதத்தை அதற்கப்புறம் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.