மீட்டரில் 1,240, பில்லில் 13,592: எது சரி?

கேள்வி: ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் வசிக்கிறோம். 2025 மார்ச் முதல் 2026 பிப்ரவரி வரை கேஸ் மீட்டர் ஓடியது 1,240 கன மீட்டர்தான். பில்லில் 13,592 கிலோவாட் மணி என்று இருக்கிறது. கூடவே 'காஸ்ஷ்பைஷர்உம்லாகே' என்று ஒரு சேமிப்புக் கட்டணம். இந்தப் பகுதியின் எரிசக்தி நிறுவனமான இ.டபிள்யூ.இ. குழுமத்துக்கே எரிவாயுக் கிடங்குகள் உண்டே, இந்தப் பணம் அவர்களுக்குத்தான் போகிறதா?

பதில்: கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. மீட்டருக்குக் கன அளவு மட்டுமே தெரியும். நீங்கள் காசு கொடுப்பதோ வெப்பத்துக்கு. நடுவே இரண்டு எண்கள் வருகின்றன. முதலாவது 'சுஷ்டாண்ட்ஸ்சால்'. மீட்டருக்குள் இருக்கும் வாயுவை 0 டிகிரி, 1013.25 மில்லிபார் நிலைக்குக் கொண்டுவரும் எண் இது. வாயு வெப்பநிலையை 15 டிகிரி என்றே வைத்துக்கொள்வார்கள். காற்றழுத்தம் ஊரின் உயரத்தைப் பொறுத்தது. கடல் மட்டத்தை ஒட்டிய உங்கள் ஊருக்குச் சுமார் 0.97, 520 மீட்டர் உயரத்திலுள்ள மியூனிக்குக்குச் சுமார் 0.91. இரண்டாவது 'பிரென்வெர்ட்': ஒரு கன மீட்டரில் எத்தனை கிலோவாட் மணி வெப்பம் என்பது. 1,240 × 0.97 × 11.3 போட்டுப் பாருங்கள், பில்லில் உள்ள எண் வந்துவிடும்.

பிரென்வெர்ட் 10-ஐ ஒட்டி இருந்தால் அது வெப்பம் குறைந்த எல்-கேஸ், 11-க்கு மேல் என்றால் வெப்பம் கூடிய எச்-கேஸ். நெதர்லாந்தின் குரோனிங்கன் வயலில் 2023 அக்டோபரில் உற்பத்தி நின்றது. வடமேற்கு ஜெர்மனி முழுக்க எச்-கேஸுக்கு மாறிவருவதற்கு அந்த வயல் வற்றி வந்ததே முக்கியக் காரணம். மாறிய வருடத்தில் கன மீட்டர் குறைந்து கிலோவாட் மணி குறையாமல் இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் பாய்லரில் வாயு வரும் நாசிலை மாற்றாமல் விட்டால் காற்று போதாமல் எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அந்த வேலைக்கு வரும் டெக்னீஷியன் வாசலில் பணம் கேட்டால் கதவைச் சாத்திவிட்டு எரிவாயுக் குழாய்களை நடத்தும் நெட்வொர்க் நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். அதன் செலவு வீட்டுக்காரருடையது அல்ல.

சேமிப்புக் கட்டணம் கிடங்கு வைத்திருப்பவருக்குப் போவதில்லை. 2022-இல் ரஷ்யாவின் காஸ்ப்ரோம் குழுமத்திடம் இருந்த, ஜெர்மனியின் ரேடன் கிடங்கு ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. குளிர்காலத்துக்குள் கிடங்குகளை நிரப்ப ஜெர்மன் எரிவாயுச் சந்தையை ஒருங்கிணைக்கும் 'டிரேடிங் ஹப் யூரோப்' நிறுவனம் உச்ச விலைக்கு வாயு வாங்கியது, பின்னால் குறைந்த விலைக்கு விற்றது. அந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் இந்தக் கட்டணம். 2022 அக்டோபரில் கிலோவாட் மணிக்கு 0.059 சென்ட், 2025 முதல் பாதியில் 0.299, இரண்டாம் பாதியில் 0.289. 2026 ஜனவரி 1 முதல் ரத்து.

நீங்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான். உங்கள் பில் இரண்டு ஆண்டுகளைத் தொடுகிறது. டிசம்பர் 31 அன்று ரீடிங் எடுக்காவிட்டால் சப்ளையர் மதிப்பிட்டுத்தான் பிரிப்பார். ஜனவரி, பிப்ரவரியின் 59 நாட்களை நாள் கணக்கில் பிரித்தால் 16 சதவீதம். சூடேற்றும் தேவையை வைத்துப் பிரிக்கும் வழக்கமான அட்டவணைப்படி 32 சதவீதம். கட்டண வித்தியாசம் ஆறு யூரோ சொச்சம்தான், அதற்காகச் சண்டை போடுவது வீண். ஆனால் யூனிட் விலையே ஜனவரியில் மாறியிருந்தால் தொகை பெரிதாகும். 'கிரண்ட்ஃபெர்சோர்குங்' (தனி ஒப்பந்தம் போடாதவர்களுக்கான அடிப்படை சப்ளை) அல்லாத ஒப்பந்தம் என்றால், ரத்தான கட்டணத்தை விலையில் குறைப்பது பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

உண்மையான தவறுகள் பெரும்பாலும் ரீடிங்கில்தான் வரும். சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கும் கடைசி இலக்கங்கள் தசமம். அவற்றையும் சேர்த்து எழுதினால் 1,240 என்பது 12,40,000 ஆகிவிடும். 'கெஷேட்ஸ்ட்' என்று அச்சிட்டிருந்தால் அது மதிப்பீடு. மீட்டர் எண்ணும் இலக்கங்களும் தெரியும்படி படம் எடுத்து, தேதியோடு சப்ளையருக்கு எழுத்தில் அனுப்புங்கள். நான்கு வாரத்துக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ பெர்லினில் உள்ள 'ஷ்லிஹ்டுங்ஸ்ஷ்டெல்ல எனர்ஜி' சமரச மையத்துக்குப் போகலாம். நுகர்வோருக்குக் கட்டணம் இல்லை. மீட்டரையே சோதிக்கச் சொல்வது கடைசி வழி, ஏனென்றால் மீட்டர் சரியாக இருந்தால் சோதனைச் செலவு உங்கள் தலையில் விழும்.