சட்டம் வந்துவிட்டதாம், எங்கள் மலைக்கு எப்போது வரும்?

கேள்வி: சேர்வராயன் மலையில் ஒரு சிற்றூர் எங்களுடையது. ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு வந்த சட்டமன்ற உறுப்பினர், தொகுதியில் நடக்கும் வேலைகள், சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டங்கள் என்று அரை மணி நேரம் பேசினாராம். நான் போகவில்லை. ஊர்க்காரர் ஒருவர் அதைச் சுருக்கி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போட்டார். “மாற்றுத்திறனாளிக்கு ஊராட்சியில பதவி தர சட்டம் வந்தாச்சு, உடனே விண்ணப்பம் போடணும். நம்ம ஊர் ரோடும் சாங்ஷன் ஆயிடுச்சு” என்கிறார். என் தம்பிக்குப் போலியோவில் ஒரு கால் போனது. ப்ளஸ் டூ படித்தவன், ஊரில் மனு எழுத எல்லோரும் அவனிடம்தான் வருவார்கள். விண்ணப்பம் வாங்கித் தர ஒருவர் மூவாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? ரோட்டுக்கு அளக்க வந்தவர்களோ, நடுவில் காட்டு நிலம் இருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டார்கள். எதை நம்புவது?

பதில்: முதலில் அந்த மூவாயிரத்தை முந்தானையில் முடிந்து வையுங்கள், அம்மா. இடைத்தரகர் கையில் கொடுக்கும் பணம் அரசு கஜானாவுக்குப் போகாது. அதோடு, உங்கள் ஊராட்சியில் இப்போது விண்ணப்பம் போட்டு உட்கார நாற்காலியே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சட்டமன்ற உறுப்பினர் பொய் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். சட்டம் வந்தது உண்மை. 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சபையில் அந்த மசோதாக்களைக் கொண்டுவந்தார். நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்துக்கு ஒரு திருத்தம், ஊராட்சிகள் சட்டத்துக்கு ஒரு திருத்தம். தேர்தலில் நிற்காமலே மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக உள்ளே கொண்டுவருவது நோக்கம். மாநிலத்தில் எல்லாக் கிராம ஊராட்சிகளிலும் தலா ஒருவர் என்று கணக்கு சொன்னார்கள். குரல் பதிவு போட்டவர் விட்டுவிட்டது ஒன்றே ஒன்றுதான்: சட்டம் வருவது வேறு, அது உங்கள் வாசலுக்கு வருவது வேறு.

நான் வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் 28 வருடம் குப்பை கொட்டியவன். மசோதா பேப்பரில் வந்த மறுநாளே மனுவோடு வரிசையில் நிற்கும் ஆட்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர்களைத் திருப்பி அனுப்புவதுதான் அந்த வேலையிலேயே கஷ்டமான பகுதி.

சபையில் குரல் வாக்கெடுப்பில் ‘நிறைவேறியது’ என்று அறிவிப்பதோடு முடிவதில்லை. தமிழ்நாட்டில் சட்ட மேலவை 1986-லேயே போய்விட்டதால் அங்கே தாமதமில்லை. ஆனால் ஆளுநர் ஒப்புதல் வேண்டும். சில மசோதா குடியரசுத் தலைவர் வரை போகும். பிறகு அரசிதழில் வர வேண்டும். அப்புறம் அமலாகும் தேதி, விதிமுறைகள், எந்த அலுவலகத்தில் விண்ணப்பம் என்ற உத்தரவு. இதில் எந்தப் படியிலும் வண்டி நிற்கும்.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த மசோதா நிறைவேறியது நினைவிருக்கிறதா? சேலத்து மில் வாசல்களில் எல்லாம் அதுதான் பேச்சு. மூன்றே நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெற்றதாக அறிவித்தார்கள். சபையில் ஜெயித்தும் சட்டமாகாமலே போன மசோதா அது.

ஆன்லைன் சூதாட்டக் கதை இன்னும் சுவாரசியமானது. 2022 அக்டோபரில் அவசரச் சட்டம் வந்தது. ஆளுநர் கையெழுத்தும் ஆனது, அரசிதழிலும் வந்தது. ஆனால் ‘இன்ன தேதி முதல் அமல்’ என்ற அறிவிக்கை மட்டும் வரவில்லை. ஒருநாள்கூட அமலில் இல்லாமல் நவம்பர் கடைசியில் காலாவதியானது. அதற்குப் பதிலாக நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில்தான் சட்டமானது.

ஆகவே யாராவது ‘சட்டம் வந்தாச்சு’ என்றால் அரசிதழைக் கேளுங்கள். எழுதுபொருள் அச்சுத் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், தம்பியின் செல்போனிலேயே திறக்கும். தலைப்பில் ‘பகுதி 4, பிரிவு 1’ என்றிருந்தால் அது வெறும் மசோதா. ‘பிரிவு 2’ என்றிருந்தால் சட்டம் அல்லது அவசரச் சட்டம். சட்டமாக இருந்தால் மேலே ஆளுநர் ஒப்புதல் தந்த தேதியும் சட்ட எண்ணும் இருக்கும். அடுத்து முதல் பிரிவின் கடைசி வரியைப் படியுங்கள். ‘மாநில அரசு அறிவிக்கை மூலம் குறிக்கும் தேதியில் நடைமுறைக்கு வரும்’ என்று இருந்தால், அந்த இன்னொரு அறிவிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தேதி எதுவுமே சொல்லாமல் விட்டிருந்தால், அரசிதழில் வெளியான நாளே அமல் நாள். பத்துப் பக்கச் சட்டத்தில் பொதுஜனம் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரிதான்.

சரி, தம்பி விஷயத்துக்கு வருவோம். நகரங்களில் வேலை ஓடியது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 2025 ஜூலையில் விண்ணப்பம் வாங்கினார்கள். சேலம் டவுனில் உங்கள் உறவுக்காரர் யாராவது போட்டிருந்தால் அது அந்தக் கணக்கு. நீங்கள் இருப்பது கிராம ஊராட்சி. சேலம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர்கள், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு அரசு நியமித்த தனி அலுவலர்தான் கையெழுத்துப் போடுகிறார். மன்றமே இல்லாத ஊராட்சியில் நியமன உறுப்பினர் யாரோடு உட்கார்ந்து பேசுவார்? தேர்தல் நடந்து மன்றம் அமையும்போதுதான் உங்கள் ஊருக்கு அந்த இடம் உயிர்பெறும். அறிவிப்பு வந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாக வரும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் தெரிந்துகொள்ளலாம்.

அதற்குள் தம்பி செய்து வைக்க வேண்டியது கொஞ்சம்தான். மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) கையில் இருக்கிறதா, அதில் ஊனத்தின் சதவீதம் சரியாகப் பதிந்திருக்கிறதா, ஆதாரில் உள்ள எழுத்தும் அதில் உள்ள எழுத்தும் ஒன்றா என்று பார்க்கட்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் அதே ஊராட்சியில் இருக்கட்டும். மலையிலிருந்து வேலைக்குச் சேலம் அஸ்தம்பட்டி பக்கம் போய்த் தங்கும் பிள்ளைகள் பெயரை அங்கே மாற்றிவிட்டு, பிறகு ஊரில் பதவி என்றதும் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி ரோடு. ‘சாங்ஷன் ஆயிடுச்சு’ என்ற சொல்லை நான் அவ்வளவு லேசில் நம்ப மாட்டேன். சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி என்று வருடத்துக்கு 3 கோடி ரூபாய் உண்டு. அது அவர் கையில் வரும் பணம் இல்லை. இன்ன ஊரில் இன்ன வேலை என்று அவர் ஆட்சியருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். ஒன்றியப் பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். பிறகு ஆட்சியரின் நிர்வாக அனுமதி. அதற்குப் பிறகுதான் டெண்டர், வேலை. மக்கள் சாங்ஷன் என்று சொல்வது பாதி நேரம் முதல் கடிதத்தைத்தான். கூட்டத்தில் சால்வை போர்த்தும்போது அந்தக் கடிதத்தின் நகலைத் தூக்கிக் காட்டுவார்கள், கைதட்டலும் கிடைக்கும். நீங்கள் கேட்க வேண்டியது நிர்வாக அனுமதி எண்ணும் தேதியும். அது இருந்தால் வேலை இருக்கிறது, இல்லையென்றால் ஆசை மட்டும் இருக்கிறது.

எண்ணைச் சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் ரோடு போடவில்லை?’ என்று கேட்காதீர்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்லத் தேவையில்லை. ‘இன்ன ஊராட்சி, இன்ன சிற்றூர்ச் சாலைக்கு வழங்கிய நிர்வாக அனுமதி ஆணையின் நகல் தருக; அனுமதி வழங்கவில்லையெனில் மதிப்பீடு எந்த அலுவலகத்தில் எந்தத் தேதி முதல் உள்ளது எனத் தெரிவிக்கவும்’ என்று எழுதுங்கள்.

காட்டு நிலம் என்று திரும்பிப் போனதற்கு வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் 3(2) என்று ஒரு பிரிவு. பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர், சாலை என்று 13 வகை வசதிகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால் காட்டு நிலத்தில் அனுமதி தரலாம். இரண்டு நிபந்தனை. ஒரு வேலைக்கு எடுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காட்டு வழியில் 800 மீட்டர் என்று வையுங்கள், அகலம் 5 மீட்டர். 4,000 சதுர மீட்டர் ஆகிறது. ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர், ஆக இது 0.4 ஹெக்டேர்தான். அந்த அளவுக்கு 30 மரம் வரை வெட்டலாம். மரத்தைச் சுற்றி வளைத்துப் போனால் அதுகூட வேண்டாம். மலைக்காரர்களுக்கு நான் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லாம் டெல்லி போக வேண்டும் என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவைக் காட்டுங்கள். இந்த அளவு வேலைக்கு மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிவெடுக்கலாம்.

கோட்டை விடுவது பெரும்பாலும் தீர்மானத்தில்தான். ‘எங்கள் ஊருக்குச் சாலை வசதி வேண்டும்’ என்று நோட்டில் ஒற்றை வரி எழுதிக் கையெழுத்து வாங்கினால் அது கோப்பில் தூங்கும். வன உரிமை விதிகளின்படி கூடும் சபையில் பாதிப் பேராவது இருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். காப்பிப் பழம் பறிக்கும் நாளில் கூட்டம் வைத்தால் அந்தக் கணக்கு நிரம்பாது. தீர்மானத்தில் சட்டத்தின் பெயர், பிரிவு 3(2), புல எண், எங்கிருந்து எதுவரை, நீளம், அகலம், மரங்களின் எண்ணிக்கை எல்லாம் இருக்கட்டும். கிராம உதவியாளரை அழைத்துப் போய்ப் புல எண்ணைச் சரிபாருங்கள். ஒரு எண் தவறினால் ஆறு மாதம் போச்சு.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2, அதற்கடுத்தது நவம்பர் 1. முதல் கூட்டத்துக்குள் டேப் பிடித்து அளந்துவிடுங்கள், தீர்மானத்தைத் தம்பியே எழுதட்டும். நிறைவேறிய பிறகு நகலில் தனி அலுவலர் கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் ஒன்றும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒன்றும் கொடுத்து, இரண்டு இடத்திலும் ரசீது கேட்டு வாங்குங்கள்.